பாப்பா போட்ட செக்‌ஷன் படங்கள்

என் மகள் முதன்முதலில் ஒரு முழுப் படம் போட்டபோது அவளுக்கு நாலு வயது. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வாடகை வீட்டுக் கூடத்தில், சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, கால்களைத் தூக்கி ஆட்டியபடியே போட்டாள். எலக்ட்ரிக் ட்ரெயின் படம். பெட்டி ஒன்றுதான். அதற்குள் நான் நின்றுகொண்டிருந்தேன். என் கையில் டிபன் பாக்ஸ், டிபன் பாக்ஸுக்குள் மூன்று இட்லி. அது போதாதென்று என் வயிற்றுக்குள்ளும் மூன்று இட்லி.

"வயித்துக்குள்ள இருக்கிற இட்லி எப்படிம்மா வெளிய தெரியும்?" என்று கேட்டேன்.

"காலைல சாப்ட்டீங்கல்ல?" என்றாள். இப்படிக்கூட ஒருவர் கேட்பாரா என்கிற இளக்காரம் அவள் குரலில் இருந்தது.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. காரணம் இருக்கிறது. நான் அப்போது பட்டணத்தில் ஒரு டிராயிங் ஆபீஸில் இருந்தேன். கட்டடம், தண்ணீர்த் தொட்டி, பாலத்துத் தூண் என்று வருஷம் முழுக்க வரைபடங்கள்தான் வேலை. அதில் செக்‌ஷன் என்று ஒரு வகை உண்டு. ஒரு கட்டடத்தைக் கேக் வெட்டுவது போல மேலிருந்து கீழாக வெட்டி, வெட்டிய முகத்தில் என்னென்ன தெரியுமோ அத்தனையையும் காட்டுகிற படம். சுவருக்குள் ஓடும் குழாய், தரைக்கு அடியில் இருக்கும் அஸ்திவாரம், அதைச் சுற்றியுள்ள மண், எல்லாம் வந்தாக வேண்டும். வெட்டுக்கோடு எதன்மேல் போகிறதோ அதை விட்டுவிடக் கூடாது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு இதைப் புரியவைக்கவே ஆறு மாதம் ஆகும். சிலருக்கு ரிட்டயர் ஆகும்வரை புரிந்ததில்லை. என் மகளோ நாலு வயதில் பெற்ற அப்பனையே வெட்டி, உள்ளே இருந்த இட்லியை எண்ணிக்கை பிசகாமல் காட்டிவிட்டாள்.

எல்லாக் குழந்தைகளும் அந்த வயதில் அப்படித்தான் போடும் என்று ஆபீஸ் நண்பர் ஒருவர் சொன்னார். இருக்கலாம். அவரோடு டீ குடிக்கப் போவதை நான் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தேன்.

அன்றிலிருந்து ஆபீஸில் கழித்துக் கட்டிய பழைய பிரிண்டுகளைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்தேன். ஒரு பக்கம் ஊதாக் கோடுகள், மறுபக்கம் வெள்ளை. அந்தக் காகிதத்தில் அம்மோனியா நெடி அடிக்கும். "ரெண்டு குழந்தைங்க மூத்திரம் பத்தாதுன்னு இது வேறயா?" என்று என் மனைவி மூக்கைப் பொத்திக்கொள்வாள். அதற்குள் மகனும் பிறந்திருந்தான். அவன் பிறப்பதற்கு முன்னால் மகள் அவனையும் போட்டுவிட்டாள். மனைவி குடை பிடித்து நிற்கிறாள். வயிற்றுக்குள் தம்பி நிற்கிறான். அவன் கையிலும் ஒரு குடை. உள்ளே மழை பெய்யாதே என்று கேட்க நினைத்தேன். இட்லி விஷயத்தில் பட்ட அவமானம் போதும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் ஆபீஸில் எந்தப் படமும் அப்படியே வெளியே போகாது. வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்கும். படத்தின் தலைப்பு, எண், வரைந்தவர், சரிபார்த்தவர். ஒருவர் வரைவார். இன்னொருவர் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்து அங்குலம் அங்குலமாகப் பார்த்து, தப்பு இருக்கும் இடத்தைச் சுழித்துக் காட்டுவார். திருத்தி வந்த பிறகு கையெழுத்துப் போடுவார். அந்தச் சிவப்புப் பென்சில்காரனாக என்னை உட்கார்த்தியிருந்தார்கள். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது தாள் பார்ப்பேன்.

வீட்டிலும் அதே கட்டத்தைப் போட்டேன். மகளிடம் தலைப்புக் கேட்பேன். வரைந்தவர் என்ற இடத்தில் அவளே தன் பெயரின் முதல் எழுத்தைப் போடுவாள், பாதி நாள் திருப்பிப் போடுவாள். எண் நான் போடுவேன். சரிபார்த்தவர் இடத்தில் என் கையெழுத்து. சாயங்காலம் ஆறரை மணிக்கு நான் செருப்பைக் கழற்றுவதற்குள் "அப்பா, செக் பண்ணுங்க" என்று தாளோடு வந்து நிற்பாள். நான் சட்டைப் பையில் இருந்து பென்சிலை எடுத்து, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, ஆபீஸில் முகத்தை எப்படி வைத்துக்கொள்வேனோ அப்படி வைத்துக்கொண்டு பார்ப்பேன். தப்புக் கண்டுபிடித்ததே கிடையாது. கண்டுபிடிக்கத் தோன்றினால்தானே.

வண்டலூர் மிருகக்காட்சிசாலைக்குப் போய் வந்த அன்று ஒரு புலி போட்டாள். புலியின் முகம் முழுவதும் கம்பி. உடம்பெல்லாம் வெளியே. "முகம்தானே கடிக்கும்" என்றாள். பீர்க்கன்கரணை ஏரியைப் போட்டபோது தண்ணீருக்கு மேலே நாங்கள் நாலு பேரும் வரிசையாக இருந்தோம். தண்ணீருக்கு அடியில் மீன்கள் எல்லாம் வாலை ஊன்றி நின்றபடி எங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. என் மனைவி குரோம்பேட்டையில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தாள். அவளைப் போடும்போது மட்டும் காதிலிருந்து ஏகப்பட்ட ஒயர்கள் கிளம்பி, ஒவ்வொரு ஒயரும் ஒவ்வொரு வீட்டுக்குள் போய், அந்த வீட்டில் ஒருவர் வாயைத் திறந்து பேசிக்கொண்டிருப்பார். சின்னவனும் நடக்க ஆரம்பித்த பிறகு ஒரு கிறுக்கலைக் கொண்டுவந்து நீட்டினான். தலைப்பு என்ன என்று கேட்டேன். "சோறு" என்றான். அதற்கும் எண் போட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். "ஒரு பைத்தியம் போதாதுன்னு மூணு பைத்தியம்." ஆனால் தாள்களை எண் வரிசைப்படி அடுக்கி, பழைய புடவைக் கரையைக் கிழித்துக் கட்டி, பீரோவுக்கு மேலே வைத்தது அவள்தான்.

அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை. எட்டு மணி நேரம் தப்புக் கண்டுபிடித்துவிட்டு வருகிறவனுக்கு, தப்பே இல்லாத ஒரு தாள் வீட்டில் காத்திருந்தது.

பிறகு மனைவிக்கு வயிற்றில் கட்டி வந்தது. ஆபரேஷன், அதற்குப் பிறகு இன்னொரு ஆபரேஷன், பத்து மாதம். இதையெல்லாம் நான் வரிசையாகச் சொல்லலாம், ஆனால் எனக்கே அது வேறு யார் வீட்டிலோ நடந்தது போலத்தான் இருக்கிறது. பெரியவர்கள் கிசுகிசுவென்று பேசியதை மகள் கேட்டிருக்கிறாள். ஒரு நாள் அம்மாவைப் போட்டு, வயிற்றுக்குள் கறுப்பாக ஒரு வட்டம் போட்டு, அழுத்தி அழுத்தித் தேய்த்து, தாள் கிழிகிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள். நான் அதை ஒளித்து வைக்கப் பார்த்தேன். மனைவி கையை நீட்டி வாங்கிப் பார்த்தாள்.

"பரவால்லையே. டாக்டரே இவ்ளோ தெளிவா சொல்லல" என்று சிரித்தாள். "கையெழுத்துப் போட்டுக் குடுங்க. சரியாத்தான் இருக்கு."

போட்டேன்.

மார்ச் மாதம் அவள் இறந்தாள். மகளுக்கு ஏழு வயது முடிந்திருந்தது, சின்னவனுக்கு மூன்று.

சர்ச்சில் ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கியபோது மனைவியின் அக்கா இரண்டு குழந்தைகளையும் இழுத்து அணைத்துக்கொண்டு நின்றார். எல்லோரும் ஒரு கை மண் போட்டார்கள். நானும் போட்டேன். கையில் ஒட்டிய மண்ணை எங்கே துடைப்பது என்றுதான் அப்போது யோசித்துக்கொண்டிருந்தேன்.

பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போடுவார்களே, அதற்குப் பிறகு உதட்டைத் தொட்டால் அடுத்தவன் உதட்டைத் தொடுவது போல இருக்கும். எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. அழுகை வரவில்லை. பசி வரவில்லை, ஆனால் தட்டில் போட்டால் சாப்பிட்டேன். பத்தாம் நாள் வேலைக்குப் போனேன். எட்டேகால் ட்ரெயின். அதே பெட்டி, அதே ஜன்னல். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று ஸ்டேஷன்கள் வந்தன, போயின. குரோம்பேட்டையில் அவள் இறங்கும் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஆபீஸில் "இன்னும் ரெண்டு வாரம் லீவு எடுத்துக்குங்க சார்" என்றார்கள். வீட்டில் இருந்து என்ன செய்வது? தாள்களைப் பார்த்தேன். ஒரு தப்பைக்கூட விடவில்லை. இன்னும் சொன்னால் அந்த மாதங்களில்தான் நான் மிகவும் திறமையாக வேலை பார்த்தேன்.

மனைவியின் அக்கா தினமும் குரோம்பேட்டையிலிருந்து வந்து சமைத்து வைத்து, குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, சாயங்காலம் நான் வந்ததும் கிளம்பிப் போவார். அவர் மட்டும் இல்லையென்றால் நாங்கள் மூன்று பேரும் என்ன ஆகியிருப்போம் என்று தெரியாது. அந்த நன்றியைக்கூட அப்போது நான் உணரவில்லை. வாய் மட்டும் "போயிட்டு வாங்கக்கா" என்று சொல்லும்.

ஏப்ரல் நடுவில் ஒரு சாயங்காலம். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மகள் தாளோடு வந்து நின்றாள். சாவுக்குப் பிறகு அவள் போட்ட முதல் படம்.

"செக் பண்ணுங்கப்பா."

நாற்காலியில் உட்கார்ந்து வாங்கினேன். பையிலிருந்து பென்சிலை எடுத்தேன்.

கல்லறைத் தோட்டத்தைப் போட்டிருந்தாள். செக்‌ஷன் படம். தாளின் நடுவே குறுக்காக ஒரு கோடு, அது தரை. தரைக்கு மேலே நான், அவள், தம்பி. பக்கத்தில் வேப்பமரம். தரைக்குக் கீழே மரத்தின் வேர் ஒவ்வொன்றும் கிளை கிளையாகப் பிரிந்து இறங்கியிருந்தது. மண்புழு ஒன்று. வரிசையாகப் பெட்டிகள். ஒரு பெட்டியில் மூக்குக் கண்ணாடி போட்ட தாத்தா, ஒரு பெட்டியில் தொப்பி வைத்த ஆள், அம்மாவுக்குத் துணைக்கு. நடுப் பெட்டியில் அம்மா. வெள்ளைப் புடவை, தலையில் பூ. பக்கத்தில் ஒரு டெலிபோன். அதிலிருந்து ஒயர் கிளம்பி, பெட்டியைத் தாண்டி, வேர்களுக்கு இடையே வளைந்து வளைந்து, தரைக்கு மேலே வந்து, தாளின் ஓரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குள் போனது. அம்மாவின் கண் இரண்டும் திறந்திருந்தன. இமை மயிர் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட்டிருந்தாள்.

இன்று அந்தப் படத்தை நான் மனதில் பார்க்கும்போது கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிடுகிறேன். அன்று எதுவும் ஆகவில்லை. ஆபீஸில் முப்பத்தொன்பது தாள் பார்த்துவிட்டு வந்திருந்தேன். இது நாற்பதாவது தாள். என் கை தானாகப் போயிற்று. அம்மாவின் கண்களைச் சிவப்புப் பென்சிலால் சுழித்தேன். பக்கத்தில் 'மூடியிருக்க வேண்டும்' என்று எழுதினேன். ஒயர் மேல் ஒரு சுழி. 'இந்த லைன் தேவையில்லை.' கட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை. திருத்தி வந்த பிறகுதான் போடுவது வழக்கம்.

தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் படித்தாள். இரண்டாம் வகுப்பு முடித்தவள், நன்றாகப் படிப்பாள். தாளை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் முகம் கழுவப் போனேன்.

அவ்வளவுதான் நடந்தது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. பெற்ற பிள்ளைக்கு நான் செய்த பெரிய துரோகம் எது என்று யாராவது கேட்டால், அந்த ஒரு நிமிஷத்தைத்தான் சொல்வேன்.

அதற்குப் பிறகு அவள் எந்தப் படத்தையும் கொண்டுவரவில்லை. கேவலம் என்னவென்றால், நான் அதைக் கவனிக்கவே இல்லை. கோடை விடுமுறை போயிற்று. பள்ளிக்கூடம் திறந்தார்கள். ஜூலையில் ஒரு நாள் கிளம்பும்போது மனைவியின் அக்கா வாசலில் நின்று, செருப்பைப் போடாமல் தயங்கினார்.

"தம்பி, பாப்பா இப்பல்லாம் படம் போடறதே இல்ல. பாத்தீங்களா?"

"அப்படியாக்கா?"

"பேப்பர் கட்டு அப்படியே கெடக்கு. சின்னவன்தான் கிறுக்கறான். அவ அவனுக்கு பென்சில் சீவிக் குடுத்துட்டு எந்திரிச்சுப் போயிடறா. எனக்கு என்னமோ சரியா படல."

அவர் போன பிறகு பீரோ மேலிருந்த கட்டை இறக்கிப் பார்த்தேன். கடைசியாக இருந்த எண் நூற்று எழுபத்தொன்பது. அது மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தபோது போட்டது. அடுத்து நான் சுழித்த படம் அதில் இல்லை. மகளிடம் கேட்டேன்.

"அந்தக் கல்லறைப் படம் எங்கம்மா?"

"தெரியலப்பா."

"இப்பல்லாம் படமே போடறதில்லையாமே?"

"அப்புறமா போடறேன்பா."

அவள் கோபப்படவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்த வெளி ஆளுக்குப் பதில் சொல்வது போல மரியாதையாகச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தம்பிக்குச் சோறு ஊட்டப் போய்விட்டாள்.

அவள் போடாமல் இருக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. பள்ளிக்கூடத்து நோட்டில் ஒன்று போட்டிருந்தாள். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை மரம், வானத்தில் நாலு பறவை. நாட்டில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் போடுகிற அதே படம். டீச்சர் பத்துக்குப் பத்து போட்டு ஸ்டார் வைத்திருந்தார். நான் வெகுநேரம் அந்தக் குடிசையைப் பார்த்தேன். கதவு மூடியிருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் யாரும் இல்லை. ஆற்றுக்கு அடியில் மீன் இல்லை. என் மகள் போட்ட படத்தில் வெறும் வெளிப்பக்கம் மட்டும் இருந்ததை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று புத்திக்குப் புரிந்தது. அது நெஞ்சுக்கு இறங்கவில்லை. பயந்திருக்க வேண்டும், பயம் வரவில்லை. தாம்பரம் மார்க்கெட்டில் பன்னிரண்டு கலர் ஸ்கெட்ச் பேனா வாங்கி வந்தேன். "தேங்க்ஸ்பா" என்று வாங்கி வைத்துக்கொண்டாள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பன்னிரண்டும் வரிசை கலையாமல் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ஏரிக்குக் கூட்டிப் போனேன். திரும்பி வந்து, "இதைப் போடறியா?" என்று கேட்டேன். "தம்பி போடுவான்பா" என்றாள். சின்னவன் போட்டான். தலைப்பு கேட்டேன். "தண்ணி" என்றான். கையெழுத்துப் போட்டேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஏன் போடமாட்டேன் என்கிறாள் என்று எனக்குத் தெரியவே இல்லை. சத்தியமாகத் தெரியவில்லை. அம்மா போன துக்கம், நாளானால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஊருக்கே தப்புக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவன், என் தப்பை மட்டும் விட்டுவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் அடக்கம் முடிந்த உடனே கல்லறை கட்டமாட்டார்கள். மண் இறங்க வேண்டும். அவசரப்பட்டுக் கட்டினால் ஒரு மழைக்கே விரிசல் விட்டுவிடும். அதனால் மண்மேட்டில் ஒரு மரச் சிலுவையை நட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். அக்டோபரில் கொத்தனார் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்குள் முடித்துவிட வேண்டும் என்பது மனைவியின் அக்காவின் ஆசை.

"மண்ணு நல்லா உக்காந்துகீது சார். கட்டிரலாம். இன்னா மாதிரி வோணும்னு ஒரு பேப்பர்ல போட்டுக் குடு சார். நீதான் படம் போடறவனாச்சே" என்றார்.

அந்தச் சனிக்கிழமை ஆபீஸ் லீவு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்து மேஜையில் தாளை விரித்து உட்கார்ந்தேன். வெளியே தூறிக்கொண்டிருந்தது. சின்னவன் பாயில் தூங்கினான். மேலிருந்து பார்த்தால் எப்படி, முன்னால் இருந்து பார்த்தால் எப்படி, நடுவில் வெட்டினால் எப்படி என்று மூன்று படம். நீளம், அகலம், கடைக்கால் ஆழம், செங்கல், மேலே பதிக்கிற கல், தண்ணீர் தேங்காமல் ஓட ஒரு சின்னச் சரிவு. ஒரு செப்டிக் டேங்குக்குப் போடுவது போலப் போட்டேன். கோடு ஒன்றுகூடப் பிசகவில்லை.

முடிக்கிற சமயத்தில் மகள் வந்து மேஜையோரம் நின்றாள். ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு படத்தின் பக்கத்தில் வந்து நிற்கிறாள். நான் கோட்டை இழுத்துக்கொண்டே இருந்தேன். பேசினால் போய்விடுவாள் என்று தோன்றியது.

"இது அம்மாவோடதா?"

"ஆமாம்மா."

மூன்று படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மூன்றாவது படத்தின் மேல் விரலை வைத்தாள். கல், செங்கல், அதற்குக் கீழே மண் என்பதற்கு அடையாளமாக நான் போட்டிருந்த சாய்வுக் கோடுகள்.

"இது செக்‌ஷன்தானே?"

"ஆமா."

"அம்மா எங்க?"

"இது கட்டறதுக்குப் போட்ட படம்மா. கொத்தனார் பாத்துக் கட்டணும்ல, அதுக்கு."

"வெட்டினா உள்ள இருக்கிறது எல்லாத்தையும் போடணும்னு நீங்கதான சொன்னீங்க?"

அவள் சொன்னது சரி. நான் போட்ட வெட்டுக்கோடு நேராக என் மனைவியின்மேல்தான் போயிருந்தது. அந்த இடத்தில் மண் என்று குறித்திருந்தேன்.

பென்சிலை அவள் பக்கம் நீட்டினேன். "நீ போடு."

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் போடமாட்டேன். நான் போட்டா நீங்க சுழிப்பீங்க."

எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆறு மாதம். ஏப்ரல் மாதத்துச் சாயங்காலம், வாசலில் செருப்பு, நாற்பதாவது தாள். என்னென்ன எழுதினேன் என்பதுகூட வரி வரியாக ஞாபகம் வந்தது. அவள் அம்மா மண்ணுக்குள் கண்ணைத் திறந்துகொண்டு, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். கண்ணை மூடு, லைனை வெட்டு என்று சொன்னவன் நான்.

"நான் சுழிச்சது தப்பு பாப்பா" என்றேன். "நீ போட்டதுதான் சரி. அப்பாதான் சரியா பாக்கல."

அந்தக் காலத்து அப்பாக்கள் பிள்ளைகளிடம் இப்படிச் சொல்கிற வழக்கம் இல்லை. அவளுக்கு அதை எப்படி வாங்கிக்கொள்வது என்று தெரியவில்லை. மேஜையின் விளிம்பை நகத்தால் சுரண்டினாள். உடனே சரியாகப் போய்விட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அவள் கை முன்னால் வரவில்லை.

"நீங்களே போடுங்க" என்றாள்.

சரி என்று பென்சிலைப் பிடித்தேன். ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்ற கணக்கில் அந்தப் படம் இருந்தது. எதைப் போட்டாலும் அதே அளவில் போட வேண்டும். தலை எங்கே வரும், கால் எங்கே வரும் என்று குறிக்க ஸ்கேலை வைத்தேன். வைத்தவன் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஆபீஸில் போட்ட பாலங்களின் ஒவ்வொரு தூணும் எத்தனை அடி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒன்பது வருஷம் கூட வாழ்ந்தவள் எத்தனை உயரம் என்று எனக்குத் தெரியவில்லை. பெட்டிக்கு அளவு எடுத்ததுகூட வேறு யாரோ.

"என்னப்பா?"

"அம்மா எவ்ளோ உயரம்னு தெரியல பாப்பா."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போய் முக்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். தரையில் அது கிறீச்சிட்டதில் சின்னவன் புரண்டு படுத்தான்.

"எந்திரிச்சு நில்லுங்க."

நின்றேன். அவள் முக்காலியின்மேல் ஏறினாள். என் பக்கவாட்டில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையைப் படுக்கையாக வைத்து என் புஜத்திலிருந்து மெல்ல மேலே கொண்டுபோனாள். தோளைத் தாண்டி, கழுத்தோரம், காது மடலுக்குக் கொஞ்சம் கீழே வந்து நிறுத்தினாள். யோசித்தாள். அரை விரல் அளவு கீழே இறக்கினாள்.

"இங்க" என்றாள். "சர்ச்ல எல்லாரும் நின்னு பாடுவோம்ல, அப்ப அம்மா தலை உங்களுக்கு இங்கதான் வரும்."

அவள் உள்ளங்கை என் கழுத்தோரம் பட்டுக்கொண்டிருந்தது. கதகதப்பாக, கொஞ்சம் பிசுபிசுவென்று இருந்தது. அந்த இடத்தில் எனக்கு வலிக்க ஆரம்பித்தது. முதலில் அந்த இடத்தில் மட்டும், பிறகு நெஞ்சுக்குள். ஏழு மாதம் வராமல் இருந்தது மொத்தமாக வந்தது. நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். சத்தம் வந்திருக்க வேண்டும், அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் கையை அசைக்கவில்லை. அசைத்தால் அளவு தப்பிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"சீக்கிரம் அளந்துக்குங்கப்பா. கை வலிக்குது."

ஸ்கேல் என் கையில்தான் இருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் எடுக்காதம்மா" என்றேன்.